ஞாயிறு பூசையும் என்ட ரெண்டு வாலுகளும்

புளியந்தீவு மரியன்னை பேராலயத்துக்கு ரெண்டு புள்ளைகளோடயும் பூசைக்குப் போறதெண்டா சனி ராவே பேக் அடுக்கோணும். மூத்தவளுக்கு 5, சின்னவனுக்கு ரெண்டரை. ஒருக்கா விளையாட்டுக் கார் கொண்டு போனம், அது வாங்குக்குக் கீழால உருண்டு முன்னுக்கு இருந்த அன்ரிட காலடியில போய் நிண்டுட்டு, இவன் "என்ட காஆஆர்" எண்டு கத்த, சரியா ஃபாதர் அப்பத்த உயர்த்திப் பிடிச்சு மணியடிக்கிற நேரம் 🤦‍♀️

அதுக்குப் பிறகு எல்லாம் துணிதான். அம்மாட பழைய சீலைத் துண்டில பெரிய பட்டன் அஞ்சு இறுக்கித் தைச்சன் (இழுத்துப் பாத்துத்தான், வாயில போடுவான்), பூட்டுறதும் கழட்டுறதுமா பிரசங்கம் முடிஞ்சிரும், விழுந்தாலும் சத்தமில்ல. பிஸ்கட்ட வீட்டிலயே பிரிச்சு டப்பாவில போட்டுருவன், அந்தப் பேப்பர் சரசரக்கிறது மைக்க விடப் பெரிய சத்தம். போன் மட்டும் குடுக்கிறல்ல.

மூத்தவளுக்கு வேற வேல. பிரசங்கத்தில "ஆண்டவர்" எத்தின தரம் வருதெண்டு விரலால எண்ணோணும். நல்லாத்தான் போச்சு, போன கிழமை எல்லாரும் கண்ண மூடிச் செபிக்கேக்க "அம்மா 21!" எண்டாள் பாருங்க, பின்னால இருந்த மாமிக்குச் சிரிப்ப அடக்கேலாமப் போயிட்டு 😂