அப்பாவின் நோட்டும் ஆறு இலக்க எண்ணும்

போன மாதம் அப்பாவை ரத்த அழுத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். வரவேற்பில் இருந்த பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஓடிபி சொல்லுங்க" என்றாள். அப்பாவிடம் மொபைல் கிடையாது. எப்போதோ பதிவு செய்தபோது தம்பியின் எண்ணைக் கொடுத்திருந்தோம். தம்பி மீட்டிங்கில் இருந்தான். நாலு தடவை அடித்தேன், எடுக்கவில்லை.

அப்பா மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "நான்தாம்மா, நானே வந்திருக்கேன்" என்றார். 81 வயது மனிதர் நேரில் நிற்கிறார். ஆனால் அவர்தான் அவர் என்று ஆறு இலக்க எண் ஒன்று வந்து சாட்சி சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. எண்ணை அடிக்காமல் அடுத்த பக்கம் திறக்காதபடி யாரோ மென்பொருள் எழுதிவிட்டார்கள், அவளும் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறாள். 40 நிமிடம் கழித்துத் தம்பி கூப்பிட்டான், கதவு திறந்தது.

உள்ளே போய்ப் பார்த்தால் 168/96. டாக்டர் உடனே மாத்திரையின் அளவைக் கூட்ட எழுதப் போனார். நான் பையிலிருந்து அப்பாவின் நோட்டை எடுத்து நீட்டினேன்.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள், ஆனால் என்னைவிட அப்பா சுத்தமாக எழுதுவார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நாலு பத்தி: தேதி, காலை, மாலை, குறிப்பு. சுவாரசியம் எல்லாம் அந்தக் கடைசிப் பத்தியில்தான். "இரவு தூக்கம் சரியில்லை." "லிஃப்ட் ஓடவில்லை, மூன்று மாடி ஏறினேன்." ஒரு நாள், 150க்கு எதிரே, "உன் அம்மாவோடு வாக்குவாதம். நான் சொன்னதுதான் சரி."

டாக்டர் இரண்டு பக்கம் புரட்டினார், சிரித்துவிட்டார். வீட்டில் எடுத்ததெல்லாம் பெரும்பாலும் 130ஐ ஒட்டியே இருந்தது. "ஐயா, கொஞ்ச நேரம் பேசாம உக்காருங்க" என்று சொல்லி, அப்புறம் மறுபடி எடுத்தார். 142/84. மாத்திரையில் கை வைக்கவில்லை. மருத்துவமனைக்கு வந்தாலே சிலருக்கு ஏறிக்கொள்ளும், இதற்கு 'வெள்ளைக் கோட்டு அழுத்தம்' என்றே பெயர் உண்டு.

வீட்டில் எடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், பாதம் இரண்டும் தரையில் பதிய ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும், பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றக் கூடாது. எடுக்கும்போது பேசக் கூடாது. அப்பாவுக்குக் கஷ்டமானது இந்தக் கடைசி விதிதான். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து எழுதுகிறோம்.

கையில் பட்டை கட்டி அளக்கும் கருவியை இத்தாலியில் ரிவா ரோச்சி 1896இல் கொண்டுவந்தார். பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டு அளக்கும் வழியை 1905இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோஃப் சொன்னார். வீட்டில் இருக்கும் மின்கருவி சத்தம் கேட்பதில்லை. பட்டையில் காற்று இறங்கும்போது உண்டாகும் சின்னச் சின்ன அதிர்வுகளை வைத்துக் கணக்குப் போடுகிறது. நாடித் துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு அந்தக் கணக்கு தப்பலாம்.

இந்த இடத்தில் தம்பி குறுக்கிடுவான். "அக்கா, இன்னும் நோட்டா? வாட்ச் வாங்கிக் கொடுத்தேனே, அதுவே எல்லாத்தையும் பாத்துக்கும்." வாங்கிக் கொடுத்தான், உண்மைதான். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் சில வாட்சுகள் கண்டுபிடிக்கின்றன, பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கையாக அது பெரிய உதவி. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. அப்பா இரண்டு நாள் கட்டினார். எழுந்து நில் என்று அது அதட்டியதும் கழற்றி வைத்துவிட்டார்.

நான் தம்பியிடம் கேட்பது ஒன்றே ஒன்று: யாரை மனதில் வைத்து இதைச் செய்தார்கள்? விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். 1970களில் ஜப்பானில் டகுவோ அயோயாகி கண்டுபிடித்த அருமையான உத்தி, எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைத் தவறவிட்டது கறுப்பின நோயாளிகளிடம் வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று தெரியவந்தது. தோலைத் தாண்டிப் போகும் ஒளியை வைத்துத்தான் அது அளக்கிறது. தோலின் நிறம் குறுக்கே வருகிறது. இது தெரிய இத்தனை வருடம் ஏன் ஆயிற்று?

"இதுல எதுக்கு அரசியலை இழுக்குறே?" என்பான். நான் இழுக்க வேண்டியதில்லை, அது முதலிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்கள் 1923இல் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நூறு வருடம் கழித்தும், அமெரிக்கா மாதிரிப் பணக்கார நாட்டிலேயே விலை கட்டுப்படியாகாமல் அந்த மருந்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். மருந்து இல்லாமலா? மருந்து இருக்கிறது. யார் கைக்கு எட்ட வேண்டும் என்பது சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் முடிவாகிறது.

இதற்காக நான் எந்தக் கொடியையும் பிடிக்கப் போவதில்லை. 1883இல் தொழிலாளர்களுக்குக் கட்டாய மருத்துவக் காப்பீடு கொண்டுவந்தவர் ஜெர்மனியின் பிஸ்மார்க். சோஷலிஸ்டுகளைத் தடை செய்தவரும் அவரே, தொழிலாளர்கள் அவர்கள் பக்கம் சாயக் கூடாது என்பதும் அவருக்கு ஒரு காரணம். பிரிட்டனில் 1948இல் எல்லாருக்கும் இலவச மருத்துவம் கொண்டுவந்தது தொழிற்கட்சி. உள்நோக்கம் எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும், வரவேற்பு மேஜைக்கு முன்னால் நிற்கும் ஆளுக்கு என்ன நடக்கிறது என்றுதான் பார்க்கிறேன். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் செயற்கை நுண்ணறிவு என்று ஆரம்பித்தால், மொபைல் இல்லாதவருக்கு என்ன வழி என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.

நேற்று மாத முடிவுக்குச் சராசரி போடலாம் என்று நோட்டைத் திறந்தேன். மருத்துவமனைக்குப் போய்வந்த தேதிக்கு நேரே, அப்பாவின் குண்டு குண்டான எழுத்தில், 168/96. அடுத்து குறிப்பு: "ஓடிபி வரவில்லை."