பீக் கரைந்தது: ஒரு பிளேசாரும் பத்தாயிரம் போலிகளும்

கலிஃபோர்னியாவின் ஓவன்ஸ் வேலி 40 மீட்டர் ரேடியோ டிஷ்ஷின் 15 கிகாஹெர்ட்ஸ் தரவில், ஒரு பிளேசாருக்கு (நம்மை நோக்கி ஜெட் பாய்ச்சும் கருந்துளை உள்ள தொலைதூர விண்மீன் மண்டலம்) நாலு வருஷத்தை ஒட்டி லோம்ப்-ஸ்கார்கிளில் (சீரற்ற நாட்களில் எடுத்த தரவில் திரும்பத் திரும்ப வரும் காலத்தைத் தேடும் முறை) நெட்டுக்குத்தாக ஒரு பீக். ஆஸ்ட்ரோபை (வானியலுக்கான பைத்தான் தொகுப்பு) சொன்னபடி, இது தற்செயலாக வரும் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். அதை நம்பவே கூடாது; அந்தக் கணக்கு ஒயிட் நாய்ஸுக்கானது, அதாவது ஒவ்வொரு புள்ளியும் மற்றதோடு தொடர்பில்லாமல் துள்ளும் இரைச்சலுக்கு. ஜெட்டில் இருப்பது ரெட் நாய்ஸ், மெதுவான ஏற்ற இறக்கமே பெரிதாக இருக்கும் இரைச்சல். மூன்று சுற்று மட்டும் பார்த்தால் அச்சு அசல் சைன் அலை மாதிரியே ஏமாற்றும்.

ஆகவே, ரெட் நாய்ஸ் மட்டுமே இப்படிப் பீக் தருமா என்று பார்க்க, டிம்மர்-கோனிக் முறையில் (ரெட் நாய்ஸைக் கணினியில் உருவாக்கும் வழி) போலி ஒளி வளைவுகள். முதல் ஓட்டம் வீண். பவர் சரிவு (அதிர்வெண் கூடக்கூட பவர் குறையும் அடுக்கு) 2 என்றால் ஃபூரியே வீச்சு அதிர்வெண்ணின் மைனஸ் 1 அடுக்கில் குறைய வேண்டும். மைனஸ் 2 போட்டதால் சரிவு 4 ஆகி, எல்லா வளைவும் வழுவழுவென்று மலைச்சரிவு போல வந்தது.

இரண்டாவது தப்பு இன்னும் நுட்பமானது. 12 வருஷத் தரவுக்கு 12 வருஷப் போலி செய்தால், வளைவை உருவாக்கும் ஃபூரியே கணக்கான எஃப்எஃப்டி வாலைத் தலையோடு ஒட்டிவிடும். கடைசிப் புள்ளி முதல் புள்ளிக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். வரைந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். 12 வருஷத்தைவிட நீண்ட ஏற்ற இறக்கம் உள்ளே வரவே வராது. ஒரு நாள் இடைவெளியில் 65,536 புள்ளி, அதாவது சுமார் 179 வருஷம், உருவாக்கி அதில் 12 வருஷத் துண்டை வெட்ட வேண்டும். பிறகு நிஜ அவதானிப்பு நாட்களில் மட்டும் எடுத்து, அந்தந்தப் புள்ளியின் பிழை அளவுக்கு இரைச்சல் சேர்க்க வேண்டும். சேலம் வெயிலில் பகலில் ஓட்டினால் லேப்டாப் தானாக வேகத்தைக் குறைக்கிறது, ராத்திரிதான் சரி.

10,000 போலிகளில் ஆயிரத்துக்கும் மேல், ஏதாவதொரு காலத்தில் நிஜத்தைவிட உயரமான பீக் காட்டின. அதே காலத்தில் மட்டும் எண்ணினால் எண்ணிக்கை குறையும்தான். ஆனால் தேடியது எல்லாக் காலத்திலும் என்பதால் அப்படி எண்ணுவது அழுகுணி ஆட்டம்.

இந்தச் சந்தேகத்திலிருந்து பிகேஎஸ் 2131-021 என்ற இன்னொரு பிளேசார் தப்பித்தது பழைய தரவால்தான். அமெரிக்காவின் ஹேஸ்டாக் ஆய்வகத்தின் 1975-83 அளவீடுகளிலும் ஓவன்ஸ் வேலி தரவில் வந்த அதே 4.8 வருஷம், அலையின் கட்டமும் (ஏற்ற இறக்கம் வரும் நேரம்) பொருந்துகிறது. சிவப்புப்பெயர்ச்சி 1.285; பிரபஞ்ச விரிவு காலத்தையும் நீட்டுவதால் 1 கூட்டி 2.285ஆல் வகுத்தால், அந்த பிளேசாரிலேயே 2.1 வருஷம். நடுவில் இருபது வருஷம் சைன் காணாமல் போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

இதற்கிடையில் ஏற்காட்டில் வைக்க, தகட்டில் செய்யும் 1420.4 மெகாஹெர்ட்ஸ் ஹார்ன் (கூம்பு வடிவ ஆன்டெனா). அதில் பிளேசார் கிடைக்காது, பால்வீதி ஹைட்ரஜன் மட்டும். செவ்வாய்ப்பேட்டையில் தகடு வாங்குபவர்கள் ரிவெட்டும் சேர்த்து வாங்கவும். சாதாரண அலுமினிய டேப்பை ஒட்டி இணைத்தால் அதன் பசை மின்சாரம் கடத்தாது. பிளேசார் நிரலில் வேலை இன்னும் பாக்கி: சரிவை 2 என்று வைத்ததே ஊகம், 1.6 முதல் 2.4 வரை மாற்றி ஓட்ட வேண்டும்.