களப்புக்குள் வாகனம் இறங்காது

யாழ்ப்பாணத்தில் வான் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு வருடத்தில் இரண்டு சீசன். ஒன்று நல்லூர்த் திருவிழா, மற்றது மார்கழி விடுமுறை. இரண்டிலும் கனடா, லண்டன், சுவிஸிலிருந்து வருகிறவர்கள்தான் அதிகம். நல்லூர், கோட்டை, கீரிமலை, நயினாதீவு எல்லாம் பார்த்து முடிந்தபிறகு யாராவது ஒருவர் போனை நீட்டி, "தம்பி, இந்தப் பிளமிங்கோ எல்லாம் எங்க நிக்கும்?" என்று கேட்பார். அதுவரை நான் ஓட்டுநர். அதற்குப் பிறகு பாதி நேரம் ஆட்களை மறிக்கிறவன்.

வில்பத்து தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப்போனால் இந்தத் தொல்லை குறைவு. அங்கே வாசல் இருக்கிறது, சீட்டு இருக்கிறது, காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகிறார்கள். உள்ளே மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது, ஜீப்பிலிருந்து இறங்கக்கூடாது, விலங்குகளுக்குச் சாப்பாடு போடக்கூடாது என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். சண்டை வருவது சீட்டு விலைக்குத்தான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு ஒரு விலை, உள்ளூர் அடையாள அட்டைக்கு இன்னொரு விலை. "நான் வட்டுக்கோட்டையில பிறந்து வளர்ந்தனான், என்னைப் பார்த்தா வெள்ளைக்காரன் மாதிரியோ தெரியுது?" என்று ஒரு ஐயா கவுண்டரில் கேட்டார். உள்ளே இருந்தவருக்குத் தமிழ் விளங்கவில்லை, கோபம் மட்டும் விளங்கியது.

எங்கள் பக்கம் அப்படியில்லை. களப்பு, அதாவது கரையோரத்து ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பு, வீதியோரத்திலேயே கிடக்கிறது. பண்ணைப் பாலத்தால் போனாலும் செம்மணியால் போனாலும் மாரியில் பறவை தெரியும். வேலியும் இல்லை, வாசலும் இல்லை. வேலி இல்லாத இடத்துக்கும் ஒரு விதி இருக்கும் என்று சனம் நினைப்பதில்லை.

சட்டம் என்னவோ பழையதுதான். தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் வந்தது. அடுத்த வருடமே எங்கள் வடக்கின் களப்புப் பகுதியான சுண்டிக்குளத்தைப் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள். 2015இல் அது தேசியப் பூங்காவானது. பெயர்ப் பலகை மாறியதோடு முடிந்த விஷயம் இல்லை இது. சரணாலயத்துக்குள் தனியார் காணியும் இருக்கலாம், ஆட்கள் அனுமதியில்லாமல் போய்வரலாம், அங்குள்ள உயிர்களைக் குழப்பாமல் இருந்தால் சரி. தேசியப் பூங்கா முழுக்க அரச காணி. அனுமதியோடு போகலாம், பார்க்கலாம், அவ்வளவுதான். அந்தப் பக்கம் தலைமுறையாகத் தொழில் செய்கிற குடும்பங்களுக்கு இப்படி எல்லை போடுவதால் வருகிற சிக்கல் தனிக்கதை. அவர்கள் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது என்பது என் எண்ணம்.

வருகிற ஆட்களும் அவர்களைக் காட்டித்தான் என்னை மடக்குவார்கள். "அங்க பாருங்கோ, அந்த மனுசன் இடுப்பளவு தண்ணியில நிண்டு வலை இழுக்குது. பறவை பேசாமல் நிக்குதுதானே? நாங்கள் இறங்கினா மட்டும் என்னவாம்?"

நல்ல கேள்விதான். முதலில் எனக்கும் சரியான பதில் இருக்கவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் பிடிபட்டது. வலைகாரர் ஒவ்வொரு நாளும் அதே நேரம், அதே வழியால், அதே வேகத்தில் வருகிறார். பறவையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எங்கள் ஆட்கள் கதவை அடித்துச் சாத்தி இறங்கி, கமராவைத் தூக்கிப் பிடித்தபடி நேரே பறவையை நோக்கி நடக்கிறார்கள். வேட்டைக்கு வருகிற பிராணியும் அப்படித்தான் வரும். வான் கிட்ட வந்து நின்றால் சும்மா நிற்கிற கூட்டம், அதே இடத்தில் ஒரு ஆள் இறங்கியதும் கழுத்தை நீட்டும். மேய்கிறபோது பூநாரையின், அதுதான் அவர்கள் கேட்ட பிளமிங்கோவின், தலை தண்ணீருக்குள் தலைகீழாக இருக்கும். தலைகள் ஒவ்வொன்றாக நிமிரத் தொடங்கினால் இனி ஒரு அடியும் வைக்கக்கூடாது. நான் சொல்லிக்கொடுக்கிற தூரக்கணக்கு இதுதான். மீற்றரில் சொன்னால் ஒருவருக்கும் மனதில் நிற்காது.

பறந்தால்தான் என்ன, வடிவாகத்தானே இருக்கிறது என்று கைதட்டிக் கிளப்பிவிடுகிறவர்களும் உண்டு. பூநாரை நின்ற இடத்திலிருந்து சட்டென எழும்பாது, தண்ணீரில் கொஞ்சத் தூரம் ஓடித்தான் எழும்பவேண்டும். ஊசிவால் வாத்துகள் வடக்காசியாவிலிருந்து பறந்து வந்து, இங்கே தின்று கொழுத்துத்தான் திரும்பிப் போகும் பயணத்துக்குத் தெம்பு சேர்க்கின்றன. ஒரு வீடியோவுக்காக ஒரு தரம் கிளப்பினால் பரவாயில்லை. ஒரு காலைக்குள் பத்து வான் வந்தால்?

ஆனால் மார்கழிக்காரரைவிட எனக்குப் பயம் திருவிழாக்காலத்து ஆட்களில்தான். ஆடி ஆவணியில் களப்பு வற்றி வெள்ளை வெளியாகக் கிடக்கும். பறவையே இல்லாத வெறும் நிலம் போலத் தெரியும். "தம்பி, உள்ளுக்க விடுங்கோவன், ஒரு ரவுண்ட் அடிப்பம்" என்பார்கள். அந்த வெறும் நிலத்தில்தான் சின்ன ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் என்ற சிறு கரைப்பறவைகள் முட்டையிடுகின்றன. கூடு என்று ஒன்றும் கிடையாது, மணலில் ஒரு சின்னப் பள்ளம். முட்டையும் மணல் நிறம். அடைகாக்கிற பறவை ஆள் வருவது தெரிந்ததும் சத்தமில்லாமல் நடந்து விலகிவிடும். நாங்கள் அங்கே நின்று படமெடுக்கிற நேரம் முழுக்க முட்டை உச்சி வெயிலில் வேகும். பொரித்த குஞ்சு ஓடித் தப்பாது, பள்ளம் கண்ட இடத்தில் பதுங்கும். ரயர் தடமும் அதற்குப் பள்ளம்தான். இந்த உப்புக்கொத்தியை 2023இல்தான் தனி இனமென்று பிரித்து, இராமர் பாலத்தை நினைத்து அனுமனின் பெயரை வைத்தார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும்தான் இருக்கிறது. இதைச் சொன்னால் பெரியவர்கள் கொஞ்சம் இளகுவார்கள். அனுமன் என்றதும் ஒரு அம்மா வானுக்குள் இருந்தபடியே கும்பிட்டார்.

ட்ரோன் பற்றி நான் நீட்டிப் பேசுவதில்லை. சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இருக்கிறதா, வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேட்பேன். இரண்டும் இருக்காது. மேலே வட்டமிடுகிற எதுவும் பறவைக்குப் பருந்துதான் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அவர்கள் தகப்பனைவிடக் கெதியாகப் புரிந்துகொள்கிறார்கள்.

இப்போதெல்லாம் போனிலேயே சொல்லிவிடுகிறேன்: விடியப் புறப்படவேண்டும், பைனாகுலர் என்னிடம் இருக்கிறது, ட்ரோன் வேண்டாம், கொண்டுபோகிற குப்பை திரும்பி வரவேண்டும், வான் வீதியைவிட்டு இறங்காது. "அப்ப என்னத்துக்கு அவ்வளவு தூரம் போறது?" என்று கேட்டு வேறு வான் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஏற்றிப்போன வான்காரர்களிலும் சிலர் இப்போது களப்புக்குள் விடுவதில்லை. மேலே காய்ந்து கல்லுப்போலத் தெரிகிற நிலத்துக்கு அடியில் சேறு. அச்சுவரை புதைந்த வானை இழுக்க வந்த ட்ரக்டர்காரர் கேட்ட கூலி அன்றைய வாடகையைவிட அதிகமாம்.