நாகப்பட்டினத்துக்கு ஐந்து முறை

அப்பா 2017 ஐப்பசியில் காலமானார். விட்டுப்போனது ஒன்றரை ஏக்கர் நஞ்சை. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றப் போனபோதுதான் தெரிந்தது, அதில் 38 சென்ட் பக்கத்து வயல்காரர் பெயரில் இருக்கிறது. எண்பதுகளில் பதிவேடுகளைப் புதிதாக எழுதினார்களே, ஊரில் யு.டி.ஆர். என்போமே, அப்போது விழுந்த பிழை. முப்பது வருடத்துக்கு மேல் அந்த 38 சென்டையும் உழுததும் அறுத்ததும் நாங்கள்தான். பக்கத்து வயல்காரர் நல்ல மனிதர். "எங்கே கையெழுத்துப் போடணும்னு சொல்லுப்பா, போட்டுத் தர்றேன்" என்றார்.

ஆனால் இருவரும் ஒப்புக்கொண்டால் போதாது. பிழையைத் திருத்தும் அதிகாரம் தாலுகாவில் இல்லை, மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனு போட வேண்டும் என்றார்கள். அவர் இருந்தது நாகப்பட்டினத்தில்.

எங்கள் ஊர் கொள்ளிடத்துக்குத் தென்கரை, சீர்காழிக்கு வடக்கே. 1991-ல் தஞ்சாவூரிலிருந்து நாகை மாவட்டம் பிரிந்தது. 1997-ல் அதிலிருந்து திருவாரூர் பிரிந்ததும் மிச்சமிருந்த மாவட்டம் இரண்டு துண்டாகிவிட்டது. வடக்கே நாங்கள், தெற்கே தலைநகர், நடுவில் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால். சொந்த மாவட்டத்தின் கலெக்டர் ஆபீசுக்குப் போக நண்டலாற்றில் தமிழ்நாட்டை விட்டு இறங்கி, வாஞ்சூரில் மறுபடி ஏற வேண்டும். காரைக்காலைத் தவிர்த்துப் போனால் திருவாரூர் மாவட்டத்துக்குள் நுழைய வேண்டும். வேறு வழியே கிடையாது.

விசாரணைக்கு ஐந்து முறை போனேன். விடியற்காலை கிளம்பி, சீர்காழியில் பஸ் மாறி, திருக்கடையூர், தரங்கம்பாடி, பொறையாறு என்று போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். பக்கத்து வயல்காரருக்கு அப்போதே எழுபது வயது. அவருக்கும் பஸ் கட்டணம், சாப்பாடு, ஒரு நாள் பொழுது. உரக்கடையில் கணக்கெழுதும் எனக்கு அன்றைய கூலி போகும். அங்கிருந்தவர்கள் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டதெல்லாம் நியாயமான காகிதங்கள்: 1964-ல் தாத்தா வாங்கிய கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பழைய தீர்வை (நிலவரி) ரசீதுகள், எந்த வயலில் என்ன பயிர் என்று ஊர்க் கணக்கில் எழுதும் அடங்கல். ரசீதுகளை அம்மா டிரங்குப் பெட்டியில் ஒரு மஞ்சள் பையில் சுற்றி வைத்திருந்தார். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. இதே மாதிரி மனுவோடு நடக்கிறவர்கள் யாரானாலும் சொல்கிறேன், பழைய தீர்வை ரசீதைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள்.

2020 ஊரடங்கில் காரைக்கால் எல்லையை அடைத்தார்கள். மனு அப்படியே நின்றது.

அதுவரை எனக்கு ஒரு கருத்து இருந்தது. அரசாங்கம் பெருத்துவிட்டது, சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே வருமானம் போகிறது, கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்று நம்பினேன். 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி என்று வரிசையாக மாவட்டங்களைப் பிரித்தபோது, சென்னையிலிருக்கும் என் மச்சான், "ஒரு கலெக்டர், ஒரு எஸ்.பி., துறைக்கு ஒரு அதிகாரி, எல்லாம் நம்ம வரிப்பணம் மாமா" என்றார். 1956-ல் பதின்மூன்று மாவட்டங்களோடு ஓடிய மாநிலம்தானே என்று நானும் தலையாட்டினேன்.

2020 மார்ச்சில் சட்டமன்றத்தில் மயிலாடுதுறை மாவட்டத்தை அறிவித்து, டிசம்பர் 28-ல் தொடங்கிவைத்தார்கள். 38-ஆவது மாவட்டம். எங்கள் மனுக் கட்டும் மயிலாடுதுறைக்கு வந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் கடைசி விசாரணை. காலைச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டு, பெரியவரையும் கூட்டிக்கொண்டு போனேன். மதியம் மூன்று மணிக்குத் திரும்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். உத்தரவு அடுத்த வாரம் கைக்கு வந்தது. மச்சானிடம் போனில் சொன்னேன்: நீ செலவு என்கிறாயே, அந்த அலுவலகம் தூரத்தில் இருந்தபோதும் செலவு ஆகிக்கொண்டுதான் இருந்தது, அது எங்கள் பையிலிருந்து போனதால் உன் கணக்கில் வரவில்லை.

ஆனால் உத்தரவோடு முடியவில்லை. 38 சென்டை உட்பிரிவு செய்ய சர்வேயர் வந்து அளக்க வேண்டும். ஒரே சர்வேயர், ஏகப்பட்ட ஊர்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ எங்கள் ஊரோடு இன்னும் இரண்டு ஊர் கூடுதல் பொறுப்பு. திங்கள் ஓர் ஊர், புதன் ஓர் ஊர் என்று அவர் ஓடுவதைப் பார்த்தால் நமக்கே கேட்க மனம் வராது. பிப்ரவரியில் வந்த உத்தரவுக்குப் புரட்டாசியில்தான் சங்கிலி பிடித்தார்கள்.

அந்த மாதங்களில்தான் என் கருத்து உருப்பெற்றது. 1980-ல் பரம்பரைக் கணக்குப்பிள்ளை, பட்டாமணியார் பதவிகளை ஒழித்து, தேர்வெழுதி வருகிறவர்களைக் கிராம நிர்வாக அலுவலராகக் கிராமத்தில் உட்காரவைத்தார்கள். அது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விடுதலை. முன்பெல்லாம் கணக்கைப் பார்க்கக்கூட ஒரு வீட்டுத் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டியிருந்தது என்று அப்பா சொல்வார். அந்த நாற்காலியைக் காலியாக விடுவதை நான் சிக்கனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். சுருக்க வேண்டியது படிகளை. இரண்டு குடும்பமும் ஒப்புக்கொண்ட, பத்திரமும் ரசீதும் உள்ள ஒரு எழுத்துப்பிழை ஏன் மாவட்டத் தலைநகர் வரை போக வேண்டும்? தாசில்தாரே முடிக்கட்டும், தப்பென்றால் மேலே மேல்முறையீடு போகட்டும். சான்றிதழ்களுக்குக் கெடு வைத்து, கெடு தவறினால் கேள்வி கேட்கும் சேவை உரிமைச் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010-லேயே கொண்டுவந்தது. நமக்கும் அது வேண்டும்.

ஊராட்சி விஷயத்திலும் எனக்கு வருத்தம் உண்டு. 2016-ல் பதவிக்காலம் முடிந்தும் 2019 டிசம்பர் வரை தேர்தல் நடக்கவில்லை. அப்போது ஆண்டவர்கள் ஒரு கழகம். 2025 ஜனவரியில் மறுபடி காலம் முடிந்து, தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அப்போது ஆண்டவர்கள் இன்னொரு கழகம். டெல்லியிடம் மாநில உரிமை கேட்பதில் இருவரோடும் நான் நிற்கிறேன். அதே உரிமையைக் கோட்டையிலிருந்து கிராமத்துக்கு இறக்கவும் அவர்கள் மனம் வைக்க வேண்டும்.

2021 ஏப்ரல் தேர்தலுக்கு எங்கள் தெருவுக்கு மூன்று கட்சிக்காரர்கள் வந்தார்கள். மூவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டேன்: நம் தாலுகாவில் சர்வேயர் எத்தனை பேர், எத்தனை பேர் இருக்க வேண்டும்? இருவர் பார்க்கலாம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். கூட வந்த ஒரு இளைஞர் மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு, இரண்டு நாள் கழித்துச் சைக்கிளில் தனியாக வந்து எண்ணிக்கையைச் சொன்னார். அவர் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

பட்டா இப்போது அம்மா பெயரில் இருக்கிறது. அச்செடுத்து அதே மஞ்சள் பையில் வைத்திருக்கிறார்.