38 மின்னஞ்சல், ஒரு போஸ்ட்டாக்

ஆய்வேட்டை ஒப்படைத்தது 2023 ஜனவரியில். வைவா, அதாவது பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, நடந்தது அக்டோபரில். இடையில் ஒன்பது மாதம் நான் மாணவியும் இல்லை, முனைவரும் இல்லை. மதுரைப் பக்கம் நாகமலைப் புதுக்கோட்டையில் எங்கள் தெருவில் யாராவது "என்னம்மா, படிச்சு முடிச்சுட்டியா?" என்று கேட்டால், "குடுத்துட்டேன், இன்னும் வரல" என்பேன். வெளிநாட்டுத் தேர்வாளர் ஒருவரின் அறிக்கைக்காகக் காத்திருக்கிறேன் என்பதை வாசலில் நின்று எப்படி விளக்குவது?

என் ஆய்வு மல்லிகை மொட்டுப்புழு பற்றியது. உசிலம்பட்டிப் பக்கம் தோட்டம் தோட்டமாக அலைந்து துளை விழுந்த மொட்டுகளைப் பொறுக்கியதுதான் பாதி முனைவர் பட்டம். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் அதைத் தின்னும் புழுவைப் படித்தவளுக்கும் மவுசு இருக்கும் என்று நம்பித்தான் போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வு வேலை, தேட ஆரம்பித்தேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு நேர்முகத் தேர்வு விளம்பரம். ரிசர்ச் அசோசியேட் (ஆர்.ஏ.), ஓர் இடம், காலை 9.30-க்கு ஒரிஜினல் சான்றிதழ்களுடன் வரவும், பயணப்படி கிடையாது. எங்கள் ஊர் ஜெராக்ஸ் கடையில் மூன்று செட் எடுத்து, இரவு பஸ் ஏறிப் போனேன். மொத்தம் பதினான்கு பேர் இருந்தோம். அதில் ஒருவர் கழுத்தில் அந்த ஆய்வகத்தின் அடையாள அட்டையே தொங்கியது. தேநீர் எங்கே கிடைக்கும் என்று எங்களுக்கு வழி சொன்னவரும் அவர்தான். வேலை யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

வரும்போது வயிறெரிந்தது. இப்போது யோசித்தால் முழுக்க அநியாயம் என்று சொல்ல மாட்டேன். அவர் இரண்டு வருடமாக அங்கேயே வேலை செய்கிறவர். புதுத் திட்டம் வந்ததும் விதிப்படி மறுபடி விளம்பரம் கொடுத்தாக வேண்டும், கொடுத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் இரவு பஸ் டிக்கெட்டுக்குத்தான். அன்றிலிருந்து விளம்பரம் பார்த்தால் முதலில் திட்டத்தின் தலைமை ஆய்வாளருக்கு, அதாவது பிஐக்கு, ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுவேன்: என் பின்னணி இது, இந்த இடத்துக்குப் பொருந்துமா? பதில் வந்தால்தான் பஸ்.

விளம்பரமே இல்லாத ஆய்வகங்களுக்கும் எழுதினேன். மொத்தம் 38 மின்னஞ்சல், பதில் ஆறு. முதல் இருபதும் ஒரே அச்சு: 'ரெஸ்பெக்டட் சார்', நான் கடின உழைப்பாளி, தங்கள் புகழ்பெற்ற ஆய்வகத்தில் சேர விருப்பம். அதற்கு வந்த ஒரே பதில் ஒற்றை வரிதான்: "எங்கள் ஆய்வகத்தில் பூச்சிகளே இல்லை." அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் அதை விடப் பயனுள்ள பதில் எனக்கு வேறு எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு மின்னஞ்சலுக்கு இரண்டு நாள் எடுத்தேன். அவர்களுடைய சமீபத்திய கட்டுரையை முழுசாகப் படித்து அதில் எனக்கு எழுந்த ஒரு கேள்வி, என்னிடம் இருக்கும் ஒரு கைப்பழக்கம், கடைசியில் 'இடம் இருக்கிறதா, இல்லையென்றால் என்.பி.டி.எஃப். உதவித்தொகைக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா' என்ற ஒரே கோரிக்கை. மீதி ஐந்து பதிலும் அப்படி எழுதியவற்றுக்குத்தான் வந்தன.

என்.பி.டி.எஃப். என்பது மத்திய அரசின் ஆய்வு நிதி வாரியமான எஸ்.இ.ஆர்.பி. கொடுத்த தேசிய முதுமுனைவர் உதவித்தொகை. நான் விண்ணப்பித்தபோது மாதம் 55,000 ரூபாய், ஆய்வுச் செலவுக்கு வருடம் 2 லட்சம், இரண்டு வருடம். வயது வரம்பு 35, பெண்களுக்கு ஐந்து வருடத் தளர்வு. முனைவர் பட்ட கைடே இதற்கும் வழிகாட்டியாக இருக்க முடியாது என்பது அப்போதைய விதி. ஆய்வேடு கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களும் விண்ணப்பிக்க முடிந்தது, ஆனால் பட்டம் வரும்வரை கையில் வந்தது 35,000தான். ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். பட்டியலில் என் பெயர் வரவில்லை. 2024-ல் எஸ்.இ.ஆர்.பி.யே ஏ.என்.ஆர்.எஃப். என்ற புது ஆய்வு நிதி அமைப்புக்குள் போய்விட்டது. இனி விண்ணப்பிக்கிறவர்கள் என் கணக்கை நம்பாமல் புது அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் வலித்தது மேரி கியூரி உதவித்தொகைதான். ஐரோப்பாவில் ஒரு பேராசிரியர் சம்மதம் சொல்லியிருந்தார். கடைசித் தேதி 2023 செப்டம்பர் 13. அன்றைக்குள் பட்டம் கைக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, வைவாவாவது முடிந்திருக்க வேண்டும். என் வைவா அக்டோபரில். வைவா தேதி கேட்டுப் பல்கலைக்கழக அலுவலகத்தில் எத்தனை முறை போய் நின்றேன் என்பதை இங்கே எழுதினால் அது தனிப் பதிவாகிவிடும்.

கடைசியில் கிடைத்த வேலை வேறு மாநிலத்தில், ஒரு பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் திட்டத்தில். ஆன்லைன் நேர்காணல். தேதி வந்த பிறகுதான் தெரிந்தது, அன்றைக்கு எங்கள் பகுதியில் மாதாந்திர மின்தடை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எஸ்.எஸ். காலனி அத்தை வீட்டுக்குப் போனேன். மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். நான் கொடுத்த பதினைந்து நிமிட விளக்கத்தைப் பற்றி யாரும் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அவர்களில் ஒரு அம்மா மட்டும் கேட்டார்: "உங்கள் ஆய்வில் மிக மோசமாகத் தோற்றது எது?"

தயாரித்து வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அது வாயில் வரவில்லை. வந்தது மார்கழிக் கதை. நவம்பர் கடைசியில் தோட்டக்காரர்கள் செடியைக் கவாத்து பண்ணி, அதாவது கிளைகளை வெட்டி, விட்டுவிடுவார்கள், பிறகு மொட்டே கிடைக்காது. ஆய்வகத்தில் என் புழுக்கள் பட்டினி. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அப்போது மல்லி கிலோ இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. கால் கிலோ வாங்கி வந்தேன். "சாமிக்கே ஒரு முழந்தான் வாங்குனோம், நீ புழுவுக்குக் கால் கிலோ வாங்குறியா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாம் நாள் காலை டப்பாவைத் திறந்தால் அத்தனை புழுவும் சுருண்டு கிடந்தது. விற்பனைக்கு வரும் பூவில் மருந்து அடித்திருப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. புழுவைக் கொல்வதற்கென்றே அடித்த மருந்து! மறுவருடம் வீட்டு மொட்டைமாடியில் பன்னிரண்டு தொட்டியில் மல்லி வைத்து, கவாத்தைத் தள்ளிப்போட்டு, மருந்தில்லாமல் வளர்த்தேன். மார்கழியில் பூ கொஞ்சமாகத்தான் வந்தது. புழுவுக்குப் போதும்.

நேர்காணலில் கேள்வி கேட்ட அந்த அம்மா சிரித்தார். தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை நாள் இடைவெளியில் கவாத்து என்று கேள்வி அங்கேயே பத்து நிமிடம் ஓடியது.

பிறகு என் முறை. பிஐயிடம் மூன்று கேள்வி கேட்டேன்: திட்டம் எப்போது முடிகிறது, திட்டத்துக்கான இந்த வருடத் தவணைப் பணம் வந்துவிட்டதா, முன்பிருந்தவர் ஏன் போனார். இதைக் கேட்கப் பலருக்கும் கூச்சம். கேட்டே ஆக வேண்டும், ஏனென்றால் திட்டம் முடிகிற அன்று வேலையும் முடியும். 22 மாதம் மிச்சம், முன்பிருந்தவர் ஜப்பான் போய்விட்டார், தவணை இன்னும் வரவில்லை என்று மறைக்காமல் சொன்னார். போன தவணையை எப்படிச் செலவழித்தார்கள் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்தது வரும்.

சம்பளம் 58,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023-ல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை (டி.எஸ்.டி.) உயர்த்திய விகிதத்தில் ஆர்.ஏ. முதல் நிலை அதுதான். இரண்டாம் நிலை 61,000, மூன்றாவது 67,000. அனுபவத்தை வைத்து நிலையை நிறுவனம் முடிவு செய்யும்.

சேர்வதற்கு ப்ரொவிஷனல் சான்றிதழ் போதும் என்றார்கள். மறுபடி ஜெராக்ஸ் கடை. "என்னக்கா, இன்னொரு செட்டா?" என்றான் தம்பி. அன்றைக்கு ஒரே செட்.

கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டுதான் மதுரையில் ரயில் ஏறினேன். முதல் சம்பளம் மூன்றாவது மாதம் பாக்கியோடு சேர்ந்து வந்தது. தொட்டிகளுக்கு அம்மா தண்ணீர் ஊற்றுகிறார். இப்போதெல்லாம் கவாத்து பண்ணலாமா வேண்டாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுக்கிறார்.