கப்பல் அறையில் கொதிநீர்

மின்வாரியத்தில் சேர்ந்த புதிதில் துணைமின் நிலையத்தில் முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்குத் தொடங்கும் என்பதால், நான்கு மணிக்கு எழுந்து காபி குடித்துவிட்டுக் கிளம்பும் வழக்கம் எனக்கு ஏற்பட்டது. ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆன பின்பும் அந்த நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது. விழித்தவுடன் காபி வேண்டும் என்பதும் மாறவில்லை. வீட்டில் இதனால் யாருக்கும் தொல்லை இல்லை. இரவே டிகாக்ஷன் இறக்கி வைத்திருப்போம், பாலைக் காய்ச்சினால் போதும். இந்த ஏற்பாடு சொகுசுக் கப்பலின் அறையில் எவ்வளவு சிக்கலாகிவிடும் என்பதை இரண்டு பயணங்களில் கற்றுக்கொண்டேன்.

முதல் பயணம் 2023 ஜூன் மாதம் சியாட்டிலிலிருந்து அலாஸ்காவுக்கு. மகன் சியாட்டிலுக்கு அருகிலுள்ள ரெட்மண்டில் வேலை பார்ப்பதால் அங்கே மூன்று மாதம் தங்கப் போயிருந்தோம், அப்போது அவன் ஏற்பாடு செய்தது. பால்கனி வைத்த அறை எடுத்திருந்தான். அந்த அறையில் குளிர்பதனப் பெட்டி, முடி உலர்த்தி, பணப்பெட்டகம் எல்லாம் இருக்கும், காபி போடுவதற்கு மட்டும் எதுவும் இருக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு லிட்டர் கெட்டிலைப் பெட்டியில் வைத்தேன். அமெரிக்கக் கப்பல் என்றால் 110 வோல்ட் மின்சாரம்தானே, அதில் நம் ஊர் 1,500 வாட் கெட்டிலைச் செருகினால் கால்பங்கு வேகத்தில்கூடக் கொதிக்காதே என்று மகன் கேட்டான். கப்பல் அறைகளில் அமெரிக்க முறைச் செருகுதுளையோடு 220 வோல்ட் தரும் ஐரோப்பிய முறைத் துளையும் பெரும்பாலும் உண்டு என்று நான் பெருமையோடு பதில் சொன்னேன். மின்னழுத்தக் கணக்கெல்லாம் சரியாகத்தான் இருந்தது. கெட்டிலைக் கப்பலுக்குள் விடுவார்களா என்ற கேள்வியை மட்டும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மாலையில் எல்லோருடைய பெட்டிகளும் அறை வாசலுக்கு வந்துவிட, எங்களுடைய ஒரு பெட்டி மட்டும் வரவில்லை. கீழ்த்தளத்துக்கு வந்து பாதுகாப்பு அதிகாரியைப் பார்க்கும்படி ஒரு சீட்டு வந்தது. அங்கே எங்கள் பெட்டியோடு இன்னும் முப்பது நாற்பது பெட்டிகள் வரிசையாக நின்றன. மேசையின்மேல் இஸ்திரிப் பெட்டிகள், மெழுகுவர்த்திகள், எக்ஸ்டென்ஷன் பெட்டிகள், மது பாட்டில்கள், யாரோ ஒருவருடைய சாதம் வடிக்கும் குக்கர்! எல்லாம் எக்ஸ்ரேயில் சிக்கியவை. நேபாளத்தைச் சேர்ந்த அந்த அதிகாரி மிகுந்த பணிவோடு என் கெட்டிலை எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார். சியாட்டிலில் இறங்கும் நாளில் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவி, "என்னங்க, முப்பத்தஞ்சு வருஷம் கரண்ட் ஆபீஸ்ல இருந்தவர் கெட்டில் கடத்தி மாட்டிக்கிட்டீங்களே" என்று சொல்லிச் சிரித்ததை மகன் இன்றுவரை மறக்கவில்லை.

எரிச்சல் அடங்கிய பிறகு யோசித்துப் பார்த்தபோது, என் தொழில் அறிவே அந்த அதிகாரியின் பக்கம் நின்றது. வெப்பக் கம்பி உள்ள எந்தக் கருவியும் ஆளில்லாமல் ஓடினால் தீக்கு வழி. கரையில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வரும், வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடலாம்; நடுக்கடலில் ஓட இடமில்லை, தீயை அணைப்பவர்களும் அந்தக் கப்பலின் ஊழியர்களேதாம். 2006 மார்ச் 23 அன்று விடியுமுன், கிராண்ட் கேமனிலிருந்து ஜமைக்காவின் மாண்டிகோ பே துறைமுகத்துக்குச் சென்றுகொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் பால்கனி ஒன்றில் தீப்பிடித்தது. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அமைப்பு ஆராய்ந்து, அணைக்காமல் வீசப்பட்ட சிகரெட் துண்டே பெரும்பாலும் காரணமாக இருக்கலாம் என்று முடிவு சொன்னது. பால்கனிகளுக்கு இடையே எரியக்கூடிய பிளாஸ்டிக் தடுப்புகள் இருந்ததால் தீ சில நிமிடங்களில் தளம் தளமாக ஏறியது, நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் சேதமடைந்தன, பயணி ஒருவர் புகையில் மூச்சுத் திணறி இறந்தார். பயணிகள் கப்பலை நாற்பது மீட்டருக்கு ஒன்றாகத் தீத்தாங்கும் சுவர்களால் பிரிக்க வேண்டும் என்றும் இன்னும் பலவாறும் பன்னாட்டு விதிகள் ஏற்கெனவே இருந்தன; அந்தச் சுவர்கள் உள்ளே இருக்க, தீ வெளிப்பக்கமாகவே சுற்றிச் சென்றுவிட்டது. அதன் பிறகே பால்கனிகளுக்கும் விதி வந்தது. ஒரு சிகரெட் துண்டுக்கு இவ்வளவு என்றால், எங்கே செய்தது, எத்தனை ஆண்டு பழையது, தானாக அணையுமா அணையாதா என்று ஒன்றும் தெரியாத ஆயிரம் கெட்டில்களை ஒரு கேப்டன் எப்படி ஏற்றுக்கொள்வார்?

மின்சார அமைப்பும் ஒரு காரணம். தரையில் நியூட்ரல் என்னும் திரும்புகம்பியைப் பூமியோடு இணைத்து, அதாவது எர்த் செய்து வைத்திருப்போம், ஆகவே ஒரு கம்பி எர்த்தோடு தொட்டால் உடனே டிரிப் ஆகி மின்சாரம் நின்றுவிடும். பல கப்பல்களில் அப்படி இல்லை. ஒரே ஒரு பழுதுக்காகச் சுக்கானுக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடக் கூடாது என்பதால், மின்வழங்கலைக் கப்பலின் இரும்பு உடலோடு இணைக்காமல் தனியே மிதக்க விட்டிருப்பார்கள். முதல் பழுதுக்கு எச்சரிக்கை விளக்கு எரியும், மின்சாரம் நிற்காது. வீட்டுக்கென்று செய்த சாதனம் இந்த ஏற்பாட்டை எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல. மின்னழுத்தம் திடீரென எகிறினால் காக்கும் சர்ஜ் புரொடெக்டர் கொண்ட எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் கப்பலில் தீப்பிடிக்கக் காரணமாகலாம் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013-இல் எச்சரித்தது இதை வைத்துத்தான். நம் ஊர் ரயில்களில் செல்பேசிக்கு மின்னேற்றும் துளையில் கெட்டிலைச் செருகக் கூடாது என்ற தடையும் தீ அபாயத்தை முன்னிட்டுத்தான்.

ஆகவே பயணி தன் கெட்டிலைக் கொண்டுவரக் கூடாது என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். நான் ஒப்புக்கொள்ளாதது, கப்பலும் ஒன்றைத் தர மறுப்பதை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, தீ அபாயம் என்ற ஒரே சொல்லால் இரண்டுக்கும் விடை சொல்லிவிடுகிறார்கள். பி அண்ட் ஓ குரூயிசஸ் பிரிட்டிஷ் பயணிகளுக்காக ஓட்டும் கப்பல்களின் அறைகளில் கெட்டில் இருக்கிறது. நார்வீஜியன் குரூயிஸ் லைன் தன் கப்பல்கள் பலவற்றில் அறைக்குள்ளேயே காபி போடும் இயந்திரத்தை வைத்திருந்ததுண்டு. வேறு சில நிறுவனங்கள் விலை கூடிய சூட் அறைகளில் மட்டும் வைக்கின்றன. தீ சூட் அறைக்கும் சாதாரண அறைக்கும் வேற்றுமை பார்க்குமா என்ன? தானாக அணையும் கருவியைக் கப்பல் நிறுவனமே தேர்ந்தெடுத்து, சோதித்து, பொருத்தி வைத்தால் அபாயம் பெருமளவு குறைந்துவிடும் என்பதற்கு இக்கப்பல்களே சாட்சி. மின்சுமை என்றும் சொல்ல முடியாது: ஆயிரம் அறைகளில் ஒரே நிமிடத்தில் 1,500 வாட் கெட்டிலைப் போட்டாலும் 1.5 மெகாவாட்தான் ஆகும். நம் தெருமுனையில் நிற்கும் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மர்கள் பதினைந்துக்குச் சமமான அந்தச் சுமை சிறியதன்று என்றாலும், பெரிய சொகுசுக் கப்பல்களின் ஜெனரேட்டர்கள் பல பத்து மெகாவாட் திறன் கொண்டவை; முடி உலர்த்திகளை அவை தாங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

உண்மைக் காரணங்கள் வேறு என்பது என் கணிப்பு. அலாஸ்காக் கப்பலில் எங்கள் அறையைக் கவனித்த இளைஞரின் பொறுப்பில் பதினைந்து அறைகளுக்குக் குறையாமல் இருந்தன. ஒவ்வொன்றையும் நாளுக்கு இருமுறை ஒழுங்கு செய்கிறார். அத்தனை இயந்திரங்களின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி, கோப்பைகளை மாற்றி, பொடி நிரப்பி வைப்பதென்றால் கூடுதல் ஆள் வேண்டும். மற்றொன்று வியாபாரம். உணவுக்கூடத்துச் சாதாரணக் காபி இலவசம் என்றாலும், எஸ்பிரெசோ வகைகளுக்குப் பெரும்பாலும் தனிக் காசு. 2010-இல் அல்யூர் ஆஃப் தி சீஸ் கப்பலில் ஸ்டார்பக்ஸ் கடையே திறந்துவிட்டார்கள். பயணி காலையில் அறையை விட்டு வெளியே வந்தால்தான் கடைகளைக் கடந்து நடப்பான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் அதற்கு ஏன் தீயணைப்பு வீரரின் தொப்பியைப் போட்டுக்கொள்ள வேண்டும்?

கெட்டில் போன பிறகு மீதியிருந்த வழி, கதவுக் கைப்பிடியில் மாட்டும் அட்டை. இரவில் அதில் காபி, பால், நேரம் எல்லாவற்றையும் குறித்துத் தொங்கவிட்டால் காலையில் கொண்டுவருவார்கள். அட்டையில் இருந்த முதல் நேரமே ஆறிலிருந்து ஆறரைக்குள். ஜூன் மாதத்தில் அலாஸ்காவில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடுகிறான். எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய கடல்கழிக்குள் கப்பல் நுழைந்த விடியற்காலையில், நீலம் பாய்ந்த பனிக்கட்டிகள் மிதந்துவர, இருபுறமும் மலையிலிருந்து வெள்ளிக் கம்பியைப்போல் அருவிகள் இறங்க, நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெறும் கையோடு பால்கனியில் உட்கார்ந்திருந்தேன். பதினான்காம் தளத்து உணவுக்கூடத்தில் காபி கிடைக்கும்தான். ஆனால் அதற்குக் கால்சட்டை மாட்டி, தலை வாரி, மின்தூக்கியில் நான்கு பேருக்கு முகமன் கூறி, கோப்பையை ஏந்திக்கொண்டு திரும்பி வருவதற்குள் அருவி பின்னால் போய்விடுகிறது, காபியும் ஆறிவிடுகிறது. எழுந்த முதல் அரைமணி நேரம் யாரையும் பார்க்காமல், யாரோடும் பேசாமல் இருப்பதற்காகத்தான் அந்த நேரத்துக் காபியே. ஆறேகாலுக்கு ஸ்டீல் குவளையில் வந்த காபியோ நீர்த்துப்போனது; பாலுக்குப் பதில் பாதிப் பாலும் பாதிப் பாலாடையுமான ஹாஃப் அண்ட் ஹாஃப் சிறு சிமிழ்களில் இருந்தது. என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, வெந்நீராகவே தந்திருக்கலாம் என்றாள்.

அடுத்த ஆண்டு மே இறுதியில் பர்மிங்காமில் இருக்கும் மகளோடு சவுத்தாம்ப்டனிலிருந்து நார்வேக்குச் சென்றோம். இம்முறை பி அண்ட் ஓ கப்பல். அறைக்குள் நுழைந்ததும் கடலைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தேன்: மூன்று முள் செருகுதுளை, அதன் பக்கத்தில் வெள்ளைக் கெட்டில், தேயிலைப் பைகள், உடனடிக் காபித்தூள் பொட்டலங்கள், கெடாமல் பதப்படுத்திய பால் சிமிழ்கள். உடனடிக் காபித்தூளை அப்படியே ஒதுக்கிவைத்தோம். எங்கள் பெட்டியில் ஆறு பேருக்கான ஃபில்டரும், இரண்டு டபரா டம்ளரும், இருபது சதம் சிக்கரி கலந்த பொடியும் இருந்தன. ஃபில்டரில் கம்பி இல்லை, மின்சாரம் இல்லை. எக்ஸ்ரேயில் பார்த்தவருக்கு அது என்னவாகத் தோன்றியதோ, ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டார்.

கப்பலில் டிகாக்ஷன் இறக்குவதற்குச் சில நுணுக்கங்கள் உண்டு. ஃபில்டரை மேசைமேல் வைக்கக் கூடாது. வடகடலில் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து எழும்போது அது நழுவி, தரைவிரிப்பெல்லாம் கறையாகிவிடும். முகம் கழுவும் தொட்டிக்குள், கீழே ஒரு சிறு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்தால் அசையாது. குழாய்த் தண்ணீரைவிட, குடிப்பதற்குத் தரும் தண்ணீரைக் காய்ச்சுவது நல்லது. கப்பலின் நன்னீர் பெரும்பாலும் கடல்நீரைக் கொதிக்கவைத்து ஆவியைக் குளிர்வித்தோ, நுண்சவ்வு வழியே அழுத்தி வடிகட்டியோ எடுப்பது. உப்பும் தாதுக்களும் நீங்கிய அந்த நீரில் பிறகு சிறிது தாதுவும் குளோரினும் சேர்க்கிறார்கள். அதில் காபியின் மணம் ஏனோ தட்டையாக எழுகிறது. முதல் நாள் பொடியைக் குறை சொன்ன என் மனைவி, மூன்றாம் நாள் தண்ணீரைக் குறை சொன்னாள். இரண்டாவது தீர்ப்புதான் சரி என்று நினைக்கிறேன்.

பால்தான் பெரும் பிரச்சினை. கெட்டிலில் பாலை ஊற்றிக் காய்ச்சுவது பாவம். அடிப்பிடித்து, பொங்கி, அடுத்து வரும் பயணிக்கும் அந்தத் தீய்ந்த வாடையை விட்டுச் செல்வதாகும். டம்ளரில் பாலை ஊற்றி வெந்நீர் நிறைந்த பாத்திரத்தில் நிறுத்திப் பார்த்தோம், இளஞ்சூடுதான் ஏறியது. கடைசியில் எங்கள் அறையைக் கவனித்த கோவாக்காரரிடம் மனைவி தன் ஃபிளாஸ்க்கைக் கொடுத்தாள். அவர் இரவுப் பணி முடிந்து போகும்முன் கொதிக்கக் கொதிக்கப் பாலை நிரப்பிக் கொண்டுவந்து தந்தார், விடியற்காலையிலும் அது ஆவி பறக்க இருந்தது.

ஓல்டன் என்ற ஊரை நோக்கிக் கப்பல் ஃபியோர்ட் எனப்படும் பிளவுக்கடலுக்குள் சென்ற காலையில், நான்கரை மணிக்கு, பால்கனியில் இரண்டு டபராக்களோடு உட்கார்ந்திருந்தோம். மேலே பனி, கீழே ஆப்பிள் தோட்டங்கள், கரையோரத்தில் சிவப்பு வண்ணம் பூசிய படகுக் கொட்டகைகள். ஒரு மணி நேரம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

சவுத்தாம்ப்டனில் இறங்கும் நாளில் பொடி ஒரு கைப்பிடி மிச்சம் இருந்தது. மனைவி அதைப் பொட்டலம் கட்டி, நன்றிக் காசோடு சேர்த்து அந்தக் கோவாக்காரரிடம் கொடுத்து, ஃபில்டரில் எப்படிப் போடவேண்டும் என்று விரிவாக விளக்கினாள். அவர் பொறுமையாக முழுவதையும் கேட்டுவிட்டு, தமக்குத் தேநீர்தான் பழக்கம் என்றார்.