ஈரப்பதம்: சிங்கப்பூர் நாட்குறிப்பு

5 அக்டோபர் 2025, ஞாயிறு

சம்பளச் சீட்டு வந்தாச்சு. ரூமில் எல்லாரும் கடைசி வரியைப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார்கள். பார்க்க வேண்டியது ஓட்டி, அதாவது ஓவர்டைம் போட்டிருக்கும் வரி. பேசிக் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றால் அதை 12ஆல் பெருக்கி, 2,288ஆல் (52 வாரம், வாரத்துக்கு 44 மணி) வகுக்க வேண்டும். மணிக்கு 4.20 வரும். ஓட்டிக்கு ஒன்றரை மடங்கு, 6.29. சில இடங்களில் 26 நாள், 8 மணி என்று 208ஆல் வகுத்துவிடுவார்கள். அப்போது ஓட்டி 5.77தான். அரை வெள்ளிதானே என்று விடக்கூடாது. மாதத்தில் 72 மணி ஓட்டி பார்த்தால் 37 வெள்ளி அடிபடும். இன்றைய ரேட்டில் 2,500 ரூபாய். ஊரில் அது ஒரு குவிண்டால் குறுவை நெல்லின் விலை.

7 அக்டோபர், செவ்வாய்

பெர்மிட் ரெனியூவல் பற்றி ஆபீஸ் வாயே திறக்கவில்லை.

8 அக்டோபர், புதன்

மதியப் பாக்கெட் இன்றும் புளித்துவிட்டது. பாதி சோறு குப்பையில்.

நள்ளிரவில் சமைத்து, விடியுமுன் டோமுக்கு (நாங்கள் தங்கும் தொழிலாளர் விடுதி) கொண்டுவருகிறார்கள். 12 மணிக்குப் பிரிக்கிறோம். கேட்டரிங் சாப்பாட்டைச் சமைத்த 4 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது இங்குள்ள உணவுத் துறையின் அறிவுரை. சமையலறையிலிருந்து சைட் வரை எந்தக் கணக்கிலும் அது ஒத்துவராது. அரிசியோடு வரும் ஒரு பாக்டீரியாவின் வித்து வேகவைத்தாலும் சாவதில்லை. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகும். அது விடும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. அதனால் மைக்ரோவேவ் இருக்கிறதே என்று நம்புவது வீண்.

செய்யக்கூடியது கொஞ்சம்தான். சாம்பாரைச் சோற்றில் ஊற்றாமல் தனியாகக் கட்டித் தரச் சொல்வது. பருப்பும் தேங்காய் அரைத்த குழம்பும் முதலில் போகும். புளிக்குழம்பு, ஊறுகாய், வறுவல் தாங்கும். பையைத் தரையில் வைக்காமல், எலி ஏறாத இடமாக நிழலில் கட்டுவது. முகர்ந்து பார்த்துச் சந்தேகம் வந்தால் அதோடு விடுவது. எட்டு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுப்பவர்களைப் பார்த்தாகிவிட்டது.

வீட்டில் இந்த நேரத்துக்குப் பழையதும் சுண்டவத்தலும். அதுவும் புளித்ததுதான், ஆனால் அது வேறு.

10 அக்டோபர், வெள்ளி

வெயில் மீட்டர் 33 காட்டியது. இது வானிலைச் செய்தியில் சொல்லும் டிகிரி இல்லை. வெப்பம், ஈரக்காற்று, வெயில், காற்றோட்டம் நாலும் சேர்ந்த அளவு. 32 ஆனால் கனவேலை செய்பவருக்கு மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வு, 33 ஆனால் பதினைந்து. கம்பி கட்டுவது கனவேலைதான். புதிதாக டெஸ்ட் அடித்து (தொழில் திறன் தேர்வு எழுதி) வந்த புதுக்கோட்டைத் தம்பிக்குத் தண்ணீர் தாகம் வந்தபிறகு குடிக்கும் பழக்கம். "தாகம் வரட்டும்ணே" என்கிறான். அதற்குள் தலை கிறுகிறுக்கும். மணிக்கு ஒருமுறை, ஒரு டம்ளருக்கு மேல்.

12 அக்டோபர், ஞாயிறு

தேக்கா, நம் ஆட்கள் கூடும் லிட்டில் இந்தியா. தீபாவளிக் கூட்டம், சிராங்கூன் ரோடில் நகர இடமில்லை. காசு அனுப்பும் கடையில் வரிசை தெருவரை.

ரேட் போர்டை மட்டும் பார்த்து ஓடுகிறார்கள். 68 ரூபாய் ரேட், 5 வெள்ளி சார்ஜ் என்றால் 1,000 வெள்ளிக்கு 67,660 போய்ச் சேரும். 67.60 ரேட், சார்ஜ் இல்லை என்றால் 67,600. வித்தியாசம் 60 ரூபாய், அதற்காக ஒரு மணி நேரம் நிற்கலாமா என்பது அவரவர் விருப்பம். ஞாயிறன்று நாணயச் சந்தை மூடியிருப்பதால் ரேட்டைச் சற்றுக் குறைத்தே வைப்பார்கள். வார நாளில் போனில் அனுப்புவது மேல்.

16 அக்டோபர், வியாழன்

ஊரில் பருவமழை தொடங்கிவிட்டது. எங்கள் நெல் இன்னும் டிபிசி (அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம்) வாசலில்.

17 அக்டோபர், வெள்ளி

தங்கம் கிராம் 12,000ஐத் தாண்டிவிட்டது. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்த ஆண் 20 கிராம் நகை வரியில்லாமல் கொண்டுபோகலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கூடவே 50,000 ரூபாய் மதிப்பு வரம்பும் இந்த ஆண்டு (2025) நடப்பில் இருப்பதை யாரும் சொல்வதில்லை. இன்றைய விலையில் அது 4 கிராமுக்கே சரியாகிவிடும். திருச்சியில் இறங்கித் தெரிந்துகொள்வதைவிட இங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. இன்று வேலை பார்த்தவர்களுக்கு ஒரு நாள் பேசிக் கூடுதல், 30.77 வெள்ளி. அடுத்த சீட்டில் தனி வரியாக வர வேண்டும்.

போன் பேசியது இரவு 9.30க்கு, ஊரில் 7 மணி. வெடிச்சத்தமே இல்லை. மழையாம்.

22 அக்டோபர், புதன்

தூங்கவில்லை.

மிஷின் அறுப்பு நெல் களத்துக்கு வரும்போதே ஈரப்பதம் 20ஐத் தாண்டியிருக்கும். கொள்முதலுக்கு 17தான் அளவு. 22 வரை தளர்த்தச் சொல்லி மாநில அரசு கேட்டிருக்கிறது. உத்தரவு வரும்வரை மீட்டர் சொன்னதுதான். குறுகிய காலக் குறுவை ரகங்களில் பலவற்றுக்கு விதை உறக்கம் குறைவு, நனைந்தால் மூன்று நாலு நாளில் முளை கட்டும். முளைத்ததை எடுக்கமாட்டார்கள்.

ஊரில் நெல்லோடு நிற்கும் என் தம்பியிடம் போனில் சொன்னதை எழுதி வைக்கிறேன், வேறு யாருக்காவது உதவும். குவியலைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, தண்ணீர் வடிய ஒரு பக்கம் வழி விடு. அடியில் வைக்கோலும் அதன் மேல் தார்ப்பாயும். மேலே மூடிய தார்ப்பாயை மழை விட்டதும் எடுத்துவிடு. மூடியே வைத்தால் உள்ளே வேர்த்து, மேல் நெல் நனையும். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார். சூடு தெரிந்தால் அப்போதே பிரித்துக் கிளற வேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. வெயில் காட்டினால் மெல்லியதாக விரித்து அடிக்கடி காலால் வரி போடு. கெட்டியாக விரித்தால் மேல் காய்ந்து அடி அப்படியே இருக்கும். மீட்டரில் ஒரு பிடிக்கு 16, அடுத்த பிடிக்கு 20 என்று காட்டும்.

"அதெல்லாம் தெரியும்ணே, மழை விட்டாத்தானே" என்றான்.

சரிதான்.

23 அக்டோபர், வியாழன்

இங்கேயும் மழை. இடி எச்சரிக்கை வந்து மேல்தளத்தில் கம்பி வேலை நிறுத்தம். இரண்டு மணி நேரம் கன்டெய்னருக்குள் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

26 அக்டோபர், ஞாயிறு

அத்தை மகனுக்கு ஐபிஏ (இங்கே வேலைக்கு வர முன் ஒப்புதல் கடிதம்) வந்திருக்கிறது. தமிழ்ப் பிரதியையும் கேட்டு வாங்கச் சொன்னேன், அது அவனுக்குக் கிடைக்க வேண்டியது. ஏஜெண்ட் வாயால் சொன்ன சம்பளம் கணக்கில் வராது. பேசிக், அலவன்ஸ், பிடித்தம் மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கும். பேசிக்கைக் குறைத்து அலவன்ஸை ஏற்றியிருந்தால் மொத்தம் ஒன்றுபோலத் தெரியும், ஓட்டி மட்டும் படுத்துவிடும். ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டு, இன்னொன்றைப் போனில் படமெடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்பானா தெரியாது. "மச்சான், டிக்கெட் எப்போ போடலாம்" என்பதுதான் அவன் கேள்வி.

28 அக்டோபர், செவ்வாய்

ஊரில் நெல் மீட்டர் 19. நாளை மறுபடி காயப்போடுவார்கள்.

மதியப் பாக்கெட் இன்று தப்பித்தது. காரக்குழம்பு.

31 அக்டோபர், வெள்ளி

ரெனியூவல் போட்டிருக்கிறோம் என்று ஆபீஸில் சொன்னார்கள், வாயால்தான். பாஸ்போர்ட்டில் காலம் குறைவாக இருந்தால் பெர்மிட்டும் அதற்கேற்பக் குறைவாகவே வரும், அதனால் புதுப்பிக்க வேண்டியவர்கள் முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது. பழைய பாஸ்போர்ட் எண்ணில் இருக்கும் பெர்மிட்டை மாற்றச் சொல்லி ஆபீஸுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

2 நவம்பர், ஞாயிறு

தம்பி கூப்பிட்டான். மீட்டர் 17 காட்டுகிறதாம், மூட்டை பிடிக்கிறார்கள். மூட்டைக்கு 40 கிலோ. தராசு பக்கத்திலேயே நிற்கச் சொன்னேன், ரசீதில் மூட்டை எண்ணிக்கையைச் சரிபார்த்துப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஆறாவது மூட்டையில் லைன் கட்டாகிவிட்டது